சூசன்னாவின் ஏப்ரன்

மாவும் கரியும் அப்பிக்கொள்ளவென்றே தைத்த துணி ஏப்ரன். இங்கிலாந்தின் எப்வொர்த்தில், பாதிரியாரின் மனைவி சூசன்னா வெஸ்லி அதைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜெபிப்பார் என்று மெதடிஸ்டுகள் வழிவழியாகச் சொல்வார்கள். அம்மா துணிக்குள் இருந்தால் பிள்ளைகள் தொந்தரவு செய்யக் கூடாது. இதைவிட அழகான ஜெப அறை எனக்குத் தெரியாது. அடுப்படியிலேயே எழும், கதவு வேண்டாம்.

சூசன்னா பெற்ற 19 பிள்ளைகளில் 10 பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். 1705இல் கணவர் சாமுவேல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார். விற்றுக்கொள்ளட்டும் என்று சூசன்னா தன் மோதிரங்களை அனுப்பினார். கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். 1709இல் வீடே எரிந்தது. ஐந்து வயது மகன் ஜானை, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவரை, மாடி ஜன்னல் வழியாக மீட்டார்கள். பிறகும் அந்தத் தாய் தளரவில்லை. ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்ந்து தேவனைப் பற்றிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை.