இந்து ரீச்சருக்கு எத்தனை வயது?

சென்ற வருடம் என் அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு நடந்தது. பாரிஸ் புறநகர் ஒன்றில் வாடகை மண்டபம். றெஸ்ரோறன்ரில் இரண்டு நாள் லீவு கேட்டு, ஒரு நாள் கிடைத்து, வேட்டி கட்டிக்கொண்டு தாய்மாமனாகப் போய் நின்றேன். பால் அறுகு வைத்தேன். தண்ணீர் வார்த்தேன். எல்லாவற்றையும் இரண்டு கமராக்கள் பிடித்தன. பிறகு கமராக்காரர் பிள்ளையை வெளியே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

"பிள்ளை, இப்பிடித் திரும்புங்கோ. கீழ பாருங்கோ. இப்ப மெல்ல நிமிர்ந்து, வெக்கப்பட்டுச் சிரியுங்கோ."

அவளுக்கு அது வரவில்லை. நாலாவது தடவை என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "மாமா, நான் ஒண்டும் பிழை செய்யேல்லையே. ஏன் வெக்கப்படவேணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கமராக்காரரையும் நான் குறைசொல்ல மாட்டேன். நாமெல்லோரும் பார்த்து வளர்ந்த தமிழ்ப்படங்களைத்தான் அவர் அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கேட்டார். ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் ஓலைக்குச்சு கட்டவேண்டும், தாய்மாமன் சீர் கொண்டுவரவேண்டும், பெண்கள் சுற்றிநின்று ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாட்டு முடிந்ததும் அவள் தாவணியோடு வெளியே வருவாள். கமரா காலிலிருந்து மேலே ஏறும். வயிற்றுநோவு, பயம், நேற்றுவரை விளையாடிய விளையாட்டு இன்று நின்றுபோன துக்கம் எதுவும் படத்தில் இராது. அவள் பார்க்கப்படுவதற்குத் தயாராகிவிட்டாள் என்பது மட்டுமே செய்தி.

தரங்கெட்ட படமொன்றை எடுத்துவைத்து இதை நிறுவுவது சுலபம். நான் மிகவும் நேசித்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979). மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த எங்கள் மனிதர் தமிழில் இயக்கிய முதற்படம். 2008 இல், யாழ்ப்பாணத்து ஊரடங்கு இரவொன்றில், விடுதி அறையில் நண்பனின் கணினியில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அந்தப் படிப்பு அதற்குமேல் போகவில்லை. படம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஒரு கிராமம், மூன்று பையன்கள். திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறார்கள், ஆற்றில் குதிக்கிறார்கள், பெண்ணுடல் பற்றிய தீராத குறுகுறுப்போடு அலைகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இந்துமதி என்ற இளம் ரீச்சர் வருகிறார். மூவரும் அவரில் மயங்குகிறார்கள். அவருக்குக் காதலன் இருப்பது தெரியவர உடைந்துபோகிறார்கள். மூவரில் ஒருவனை ஆறு கொண்டுபோகிறது. பையன்களின் ஆசையை அசிங்கமாகவோ பகிடியாகவோ ஆக்காமல், அதன் வேதனையோடும் வெகுளித்தனத்தோடும் காட்டிய படம். அன்றிரவு நாங்கள் ஆறு பேரும் எங்களையே பார்த்தோம்.

படம் எப்படித் தொடங்குகிறது என்பதை இங்கே வந்து திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வளர்ந்து குடும்பக்காரனாகிவிட்ட கௌரிசங்கருக்கு (கமல்ஹாசன்) நண்பனிடமிருந்து கடிதம் வருகிறது. இந்து ரீச்சர் இறந்துவிட்டார் என்கிறது கடிதம். ஒரு பெண்ணின் மரணச்செய்தி. அதைப் படித்த ஆணுக்கு நினைவு வருவதோ தன்னுடைய பால்யம். ரீச்சர் பிறகு எப்படி வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்பதெல்லாம் படத்தின் கேள்விகளல்ல. அவருக்கு ஒரு காதல் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் காதல்கூடப் பையன்களின் ஏமாற்றத்துக்கான காரணமாகவே கதைக்குள் வேலைசெய்கிறது.

"ஓர் ஆணின் நினைவல்லவா, அப்படித்தானே இருக்கும்" என்றார் என்னோடு கோப்பை கழுவும் நண்பர். சரி. ஆனால் இதற்கு மறுபக்கமாக, ஒரு பெண் தன் 14 வயதை நினைத்துப்பார்க்கும் தமிழ்ப்படங்கள் எத்தனை என்று கேட்டேன். இருவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். கை நிறையவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்து ரீச்சராக நடித்த ஷோபா பிறந்தது 1962 செப்டெம்பரில். படம் வெளியானது 1979 டிசம்பரில். அப்போது அவருக்கு 17 வயது. படம்பிடிக்கப்பட்டபோது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். பையன்களின் விடலைப் பருவத்தை அத்தனை நுட்பமாகக் கண்ட கமராவுக்கு முன்னால், சேலை கட்டி, வளர்ந்த பெண்ணாக, அவர்களின் கனவாக நின்றவரும் ஒரு விடலைப் பெண்தான். 'பசி' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசியவிருது அவருக்குக் கிடைத்தது. 1980 மே மாதம், 18 வயது நிரம்பாமலே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது மரணத்தை வைத்து எவரிலும் பழிபோட நான் இதை எழுதவில்லை. அந்தப் பருவத்தைப் பற்றிய எங்கள் மிகச்சிறந்த படத்திலேயே அந்தப் பருவத்துப் பெண் ஒருத்தி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மறைந்திருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருவரும் அன்று ரீச்சரின் வயதைக் கேட்கவில்லை.

வெள்ளைக்காரர் திறம், நாங்கள் மோசம் என்ற பழைய பல்லவியல்ல இது. பிரான்சின் த்ரூஃபோ 1957 இல் நீம் நகரில் எடுத்த 'லெ மிஸ்தோன்' குறும்படத்திலும் பையன் கூட்டமொன்று ஓர் இளம்பெண்ணைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கிறது. அங்கும் பார்ப்பவர்கள் பையன்கள், பார்க்கப்படுபவள் அவள்.

சரியாக 50 வருடங்களின் பின், 2007 இல், செலின் சியாமா தன் முதற்படத்தை எடுத்தார். பெயர் எங்கள் மீன்சந்தைத் தமிழில் 'பேய்க்கணவாய்களின் பிறப்பு' என்று வரும். நகரசபை நூலகத்தில் இரவல் எடுத்து, என் அரைகுறைப் பிரெஞ்சோடு பார்த்தேன். சியாமா வளர்ந்த செர்ஜியில்தான் கதையும் நடக்கிறது. மூன்று பெண்பிள்ளைகள், ஒரு நீச்சல்தடாகம். பெற்றோர் ஏறக்குறையப் படத்திலேயே இல்லை. மரி என்ற ஒல்லிப்பிள்ளைக்குக் குழுநீச்சல் அணியின் புளோரியான் மீது ஏக்கம். பெண்ணுக்குப் பெண் மீது வரும் ஏக்கத்தை விளக்கம் கேட்காமல், மன்னிப்புக் கேட்காமல் படம் தொடர்கிறது. குண்டுப்பிள்ளை ஆனுக்கோ தன் உடம்பு ஒரு பாரம், ஆசையோ மலையளவு. எல்லோரும் கெட்டுப்போனவள் என்று பேசும் புளோரியான், உள்ளுக்குள் பயந்துபோன ஒரு குழந்தை. ஊர் கட்டிவிட்ட கதைக்கு ஏற்ப அவள் நடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு காட்சியில் மரி தண்ணீருக்கு அடியில் போய் நீந்துபவர்களைப் பார்க்கிறாள். மேலே படியவாரிய தலைகள், மாறாத சிரிப்பு. கீழே கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கின்றன. குசினிக்கும் சாப்பாட்டு மேசைகளுக்கும் நடுவிலுள்ள கதவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. சிரிப்பை எங்கள் படங்களும் ஆயிரம் தடவை பிடித்திருக்கின்றன. தண்ணீருக்கு அடியில்தான் கமரா போனதில்லை.

சாமத்தியவீட்டு வீடியோ வந்துவிட்டது. மூன்று மணித்தியாலம். ஐந்தாவது தடவையில் அவளுக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது. அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சினிமாப்பாட்டுப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வேட்டியோடு நானும் நின்று சிரிக்கிறேன். அவள் கேட்ட கேள்வியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

புலம்பெயர்ந்து வந்து இத்தனை வருடங்களில் எங்கள் பெண்பிள்ளைகளின் அந்தப் பருவத்தைப் பற்றி நாங்கள் அதிகம் எடுத்த படம் இந்த வீடியோதான். அதில் அவர்கள் ஒரு வசனமும் பேசுவதில்லை. என் மருமகள் தன் கைத்தொலைபேசியில் தோழிகளோடு சேர்ந்து ஏதேதோ படம் எடுக்கிறாள். எனக்குக் காட்டமாட்டாளாம். காட்டவேண்டியதுமில்லை. அவள் எப்போதாவது தன் படத்தை எடுக்கும்போது, வெட்டப்பட்ட அந்தக் கேள்வியை முதற்காட்சியில் வைக்கட்டும். பதில் தெரியாமல் நின்ற மாமனையும் அதில் காட்டட்டும்.