வற்கடமும் திருப்பதிகமும்

வயல் வெடித்துப் பத்தாயம் வெறிதாயவிடத்துப் பண்ணும் பாட்டும் எற்றுக்கு? இவ்வினாச் சோணாட்டிற்குப் புதியதன்று. காவிரி நீர் பொய்த்த ஆண்டுகளிலும், 2018 நவம்பர் 16-இல் கஜாப் புயல் தென்னந்தோப்புக்களைச் சாய்த்த ஞான்றும், 2020-இல் கொள்ளைநோய் காரணமாகக் கோயிற் கதவங்கள் அன்பர்க்கு அடைபட்டிருந்த மாதங்களிலும் எழத்தக்கதே அது. துன்பக் காலத்து இசைநுகர்ச்சி இரக்கமின்மை என்பர் ஒரு சாரார். துன்பத்தை மறத்தற்கு இசையே மருந்து என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பது, சேக்கிழார் பெருமான் திருவீழிமிழலை நிகழ்ச்சியை அமைத்த முறையை நுணுகி நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் பதிகம் பாடி உடனுறைந்த நாளில் மழை பொய்த்தது, ஆறு சுருங்கியது, உயிர்கள் பசியால் வருந்தின. இறைவர் கனவில் தோன்றி, கீழைப் பீடத்தினும் மேலைப் பீடத்தினும் நாடோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினார். அக்காசு கொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார் அமுதுண்டனர்.

ஈண்டு இறைவர் வாக்காகச் சேக்கிழார் வைத்த கருத்து ஊன்றி நோக்கற்பாலது. காலத்தின் கொடுமையால் உங்கள் உள்ளம் வாடாதாயினும், உங்களை வழிபடுவார்க்கு அளித்தற்பொருட்டு இதனைத் தருகின்றோம் என்பது அதன் திரண்ட பொருள். உள்ளம் வாடாமை பாட்டின் பயன். அப்பயன் பாடுவாரளவில் நின்றொழியாது, பசித்தார் இலையளவுஞ் செல்லல் வேண்டும் என்பது காசின் குறிப்பு. முதற்பாதி இசையை இகழ்வார்க்கு விடை. பிற்பாதி இசையில் தம்மை மறப்பார்க்கு விடை. உண்மையை மறைத்தல் ஆணவ மலத்தின் செயலன்றோ? திருப்பதிகமோ உயிரை விழிப்பிப்பது. அதனை மறதிக்கு மருந்தாக்குதல் விளக்கைக் குடத்துள் வைத்தல் போலும்.

இனி, இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை வாசியின்கண் உள்ளது. வாசியாவது காசை மாற்றும்போது கழிக்கும் வட்டம். பிள்ளையார் பெற்ற காசிற்குக் கடைவீதியார் வாசி கேட்டனர். அதனால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. நாவரசர் காசிற்கோ வாசி இல்லை. இருவரும் பாடினவரே; காசில் வேற்றுமை என்னை? அரசர் கைத்திருத்தொண்டுஞ் செய்பவர் என்று பிள்ளையாரே உளங்கொண்டார் என்கிறது புராணம். உழவாரம் பிடித்த கையின் பெருமையை, இசைத்தமிழின் தலைவரே ஒப்புக்கொள்ளுமாறு அமைத்தது சேக்கிழாரின் நுண்மை. அடியார் பசியாறும் பொழுது தவறியதென்று அறிந்தமையே பிள்ளையார் பாடுதற்குக் காரணமாயிற்று என்பதும் மறக்கற்பாலதன்று.

அப்பதிகம் முதல் திருமுறையில் குறிஞ்சிப் பண்ணில் அமைந்த திருவிருக்குக்குறள். காசு வேண்டிய சிறு பாட்டு, இதன்கண் கவிச்சுவை குறைவு என்பாருமுளர். அற்றன்று. சிலவே சொற்களில் புகழும் வேண்டுகோளும் ஒருங்கு அடங்கியுள்ளன. அடைமொழிகளின் ஆரவாரம் இல்லை. இவ்வடிவம் ஆரூர் முதலிய பிற தலங்களிலும் வருதலின், பஞ்சம் கருதியே பாட்டுக் குறுகிற்று என்று துணிதல் கூடாது. எனினும், விருந்தினர் பசித்துக் காத்திருக்கும் பொழுதிற்கு இதனினும் பொருந்திய யாப்பு வேறில்லை. காலமறிந்த சுருக்கமும் சுவையே. ஓதுவார் அப்பதிகத்தை நிறுத்திப் பாடக் கேட்பார் இதனை நன்கு உணர்வர்.

பாட்டிற்கும் நெல்லிற்கும் உள்ள உறவைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டும் காட்டுகின்றது. முதலாம் இராசராசன் அங்கே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் வழங்கினான். உழவன் விளைத்த நெல்லே அப்பண்ணை வளர்த்தது. ஆதலின் அவ்வுழவன் வயல் பொய்த்த ஆண்டில் பண் வாளாவிருத்தலுந் தகாது. அவனை மறந்து ஒலித்தலுந் தகாது.

ஆகவே, இடர்க்காலத்தில் இசையும் கவியும் நுகர்தல் குற்றமன்று. திருமுறை கேட்டு எழுந்தவன் அண்டை வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று நோக்குவானாயின், அவன் கேட்டது வாசியற்ற காசு. நோக்கானாயின், பண் எத்துணை இனிதாயினும் அதற்கு வட்டம் உண்டு. வீழிமிழலையில் விளங்கிய இவ்வுரைகல் என்றும் தேய்வதன்று.

திருச்சிற்றம்பலம்