14 நாள் எலி

மூலிகைச் சாறு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒரு எலிகூட சாகவில்லை, ஆகவே சாறு பாதுகாப்பானது. அந்த 'ஆகவே'தான் எனக்கு இடிக்கிறது.

பெரும்பாலும் இது ஓஇசிடி 423 வழிகாட்டிப்படி செய்வது. ஒரு படிக்கு மூன்று எலி. ஒரே ஒரு வேளை மருந்து, பிறகு 14 நாள் கவனிப்பு. உடனடி நஞ்சா என்று வகைப்படுத்த மட்டுமே வந்த சோதனை. நாம ஒரு வேளையா சாப்பிடறோம்? மண்டலக் கணக்கில் அல்லவா! (சர்வர் ஆன் ஆகிவிட்டது, எனவே பிழையே இல்லை என்று எழுதிக் கொடுப்பது போல.)

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெபானியா என்ற சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மாதக்கணக்கில் உள்ளே போய் செய்த வேலை. பின்னால் பலருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. இத்தனைக்கும் 1982இலேயே எலிகளுக்கு மூன்று மாதம் தினமும் இந்த அமிலத்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். முன்வயிற்றில், சிறுநீரகத்தில், சிறுநீர்ப்பையில் கட்டிகள்! எலியின் மேல் குற்றமில்லை.

நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோகியாதான். அதே அமிலம் அதிலும் உண்டு. அதன் சாற்றுக்கு 14 நாள் சான்றிதழ் எதற்கு? தினமும் மருந்து கொடுத்து, கடைசியில் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் 90 நாள் சோதனை (ஓஇசிடி 408) இருக்கிறது. செலவு அதிகம், சரி. செய்ய முடியாவிட்டால் முடிவுரையில் 'ஒரு வேளைக்கு எலி சாகவில்லை' என்று மட்டும் எழுதலாமே.