கோரைப்பாய்க்கு அரசன் யார்?

ஆனந்த குமாரசாமி 1908-ல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’, கைவினை பற்றிய நூல்களுள் தலையாயவற்றுள் ஒன்று. வில்லியம் மோரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 படிகள் கையால் அச்சிடப்பட்டமையால், தான் பேசும் பொருளுக்குத் தானே சான்றாயிற்று. அரசும் விகாரையும் மானியம் அளித்துப் புரந்த நாளில் கம்மியர் மனம் ஒன்றிப் படைத்தனர். ஆதரவு போனதும் கலையும் நலிந்தது என்பது அதனூடே ஓடும் வாதம்.

தஞ்சைத் தரணியில் இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? மராட்டிய அரண்மனையை நம்பியிருந்த கோடாலிக் கருப்பூர்ச் சேலைக்கு முற்றும் பொருந்தும். 1855-ல் அரசு போயிற்று. பின்னர்ச் சேலையும் மறைந்தது. ஆனால், கொள்ளிடக்கரைத் தைக்காலின் கோரைப்பாய்க்கு எந்த அரசன் இருந்தான்? பொருநைக்கரைப் பத்தமடை லெப்பைமாரின் பாய் 1953-ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டுக்குச் சென்றது மெய்யே. எனினும் அப்பாயை வாழவைத்தது மணவீடுதான். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது அவர்தம் வழக்கம்.

பச்சைக் கோரையைக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, நீரில் ஊறவைத்து, பாவுநூலினூடே ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒருவர் கோக்க, மற்றவர் அச்சால் அடிப்பார். இருவர் கையும் ஒரே எண்ணிக்கையில் ஓடாவிடின் பெயரின் எழுத்துக் கோணிவிடும். இந்த எண்ணிக்கையில்தான் நெய்பவரின் நிறைவு இருக்கிறதென்று நான் கருதுகிறேன். தாவூத் நபி (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யக் கற்பித்த இறைவன், வளையங்களை அளவறிந்து பின்னுமாறும் பணித்தான் எனத் திருமறை கூறுகிறது. கைவேலையை மட்டுமன்றி, அதன் அளவையும் வணக்கத்தோடு சேர்த்த மார்க்கம் நம்முடையது.

அதே தாவூத் நபி (அலை) தம் கையுழைப்பால் உண்டவர் என்று நபிமொழி நவில்கிறது. உண்டார் என்பதைக் கவனிக்க! குமாரசாமியைப் படித்துவிட்டுக் கைவினையின் மனநிறைவைப் புகழ்வோர் இவ்விடத்தைத் தாண்டிவிடுகின்றனர். மனநிறைவு கூலியாகாது. நூலாசிரியர் மீது நான் காணும் குறை ஒன்றே: புரவலன் என்றால் மன்னனையே தேடினார், பாய்க்கடையில் பேரம் பேசும் நம் போன்றோர் அவர் கண்ணில் படவில்லை.

பிளாஸ்டிக் பாயை நான் பழிக்கவில்லை. மலிவானது, கழுவ எளியது. எங்கள் வீட்டிலும் இரண்டு கிடக்கின்றன. ஆயினும் பெருநாளன்று விருந்தினர் வந்ததும் பரணிலிருந்து இறக்கப்படுவது பெயர் நெய்த பழைய பாய்தான். அதை நெய்தவருக்கு அன்று என்ன கொடுத்தார்கள் என்பது மட்டும் வீட்டில் எவருக்கும் நினைவில்லை.