பூனை மேல் போட்ட பழி

நியூஜிலாந்தில் ஒரு கதை வழங்குகிறது. குக் ஜலசந்தியில் ஸ்டீபன்ஸ் தீவு என்று சின்னத் தீவு ஒன்று. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ளப் போனவர்களில் ஒருவர் டேவிட் லயால். அவருடைய பூனை ஒரு சின்னஞ்சிறு குருவியை அடிக்கடி கவ்விக்கொண்டு வந்து வீட்டில் போட்டது. அந்தக் குருவிக்குப் பறக்கத் தெரியாது; அந்தி வேளையில் பாறைகளுக்கிடையே எலி மாதிரி ஓடும். உலகம் அறியாத இனம் என்று கண்டு, இங்கிலாந்திலிருந்த கோடீசுவரர் வால்ட்டர் ராத்ஸ்சைல்டு அதற்கு லயாலின் பெயரையே வைத்தார். பெயர் வைத்த கையோடு குருவி இல்லை. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தையே தின்று தீர்த்துவிட்டது. பூனையின் பெயர் டிபிள்ஸ்.

கதையாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரியும், நடந்த விஷயம் இவ்வளவு கச்சிதமாக அமையாது. யாரோ எங்கோ கத்தரித்திருக்க வேண்டும்.

கத்தரித்ததைத் தேடி எடுத்தவர்கள் ராஸ் கால்பிரெத், டெரெக் பிரவுன் என்ற இருவர். 2004-ல் அவர்கள் எழுதிய கட்டுரை நான் படித்த நல்ல விமரிசனங்களில் ஒன்று. அவர்கள் அதை விமரிசனம் என்று நினைத்து எழுதவில்லை என்பது வேறு விஷயம். சினைப் பூனை ஒன்று தீவில் தப்பி ஓடியது. அதன் வம்சம் பெருகியது. பின்னால் வந்த தலைமைக் காவலர் நூற்றுக்கு மேற்பட்ட பூனைகளைச் சுட்டதாக எழுதியிருக்கிறார். கடைசிப் பூனை ஒழிய 1925 வரை ஆயிற்று. டிபிள்ஸ் என்பது பிற்காலத்தார் ஒட்டவைத்த பெயர். இவை போக, அந்தக் குருவி முன்பு பெருந்தீவுகளிலும் இருந்ததாம்; மனிதனோடு படகேறி வந்த எலிதான் அங்கே அதை முடித்தது. மிஞ்சியதைப் பாடம் செய்து விற்ற வியாபாரியும், விலை கொடுத்து வாங்கிய கோடீசுவரரும் இருக்கவே இருக்கிறார்கள். கதையில் இவர்கள் யாரும் குற்றவாளியாக வருவதில்லை. பூனைக்குப் பெயர் கிடைத்தது. மனிதர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

நாமும் யோக்கியமில்லை. ருத்திராட்சப் பூனை என்று மனிதனின் கபடத்துக்குப் பூனையின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம்!

வெறும் இலக்கிய விவகாரமானால் இதோடு விடலாம். ஆனால் அந்தத் தேசத்தார் 2050-க்குள் எலி, ஸ்டோட், பாஸம் ஆகிய ஜந்துக்களை ஒழிப்பதென்று 2016-ல் தீர்மானித்தார்கள். 2025 நவம்பரில் காடேறிய பூனைகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். (காட்டுப் பூனை வேறு ஜாதி, இவை வீட்டுப் பூனையின் சந்ததிதான்.) அறிவித்த மந்திரி அவற்றை ஈவிரக்கமற்ற கொலைகாரர்கள் என்றார். மறுபடியும் அதே வில்லன்! இந்த வர்ணனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்ததுதான். 2023-ல் வடக்குக் கான்டர்பரியில் ஒரு வேட்டைப் போட்டி அறிவித்தார்கள். அதிகப் பூனைகளைக் கொல்லும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 250 டாலர் பரிசு. கூச்சல் கிளம்பியதும் பிள்ளைகள் பிரிவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்காகப் பூனைப் பிரியர்கள் கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். வௌவாலைத் தவிர உள்நாட்டுப் பாலூட்டியே நிலத்தில் இல்லாத தேசம் அது. அங்குள்ள பல பறவைகள் தரையில் கூடு கட்டுகின்றன. பூனையைக் கண்டு அஞ்ச அவற்றுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்டுவிடுங்கள் என்கிறார்கள். சோறு போட ஆள் இருக்கும் நகரத்துச் சந்தில் அது சரி. மலையில் திரும்ப விட்ட பூனை குட்டி போடாது. ஆனால் அன்று ராத்திரியே அதற்குப் பசிக்கும். ஆகவே கொல்லத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விஷத்தைவிடக் கூண்டு மேல்: தினமும் போய்ப் பார்த்தால் அகப்பட்டது எதுவென்று தெரியும், ஒரு நொடியில் முடிக்கலாம். வெலிங்டன் நகரசபை 2018 முதல் வளர்ப்புப் பூனைகளுக்குத் தோலடியில் அடையாளச் சில்லு கட்டாயம் என்றது. அது இருந்தால் கூண்டில் கிடப்பது யார் வீட்டுச் செல்லம் என்று கண்டு திருப்பிக் கொடுக்கலாம்.

ஆட்டுப் பண்ணைக்காரர்கள் சங்கதிதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. பூனைக் கழிவிலிருந்து பரவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமியால் சினையாடுகள் குட்டியை இழக்கின்றன. ஆகவே காட்டோரத்தில் கூண்டு. எலி வந்தால் தீவனம் போய்விடும். ஆகவே கொட்டகையில் பூனை. அதற்குக் கருத்தடை செய்ய யாருக்கு ஒழிகிறது? பால் வைக்கிற நாளில் அது கொட்டகைப் பூனை. வைக்காத நாளில் குட்டிகளோடு வேலியைத் தாண்டுகிறது. அந்தப் பக்கம்தான் கூண்டு இருக்கிறது.