ஆறு சக்கரமும் ஒரு தொட்டியும்

உலகத்திலேயே எனக்குப் பிடித்த வண்டிக்குக் கதவு கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, சஸ்பென்ஷன்கூடக் கிடையாது. ஒரு தொட்டி, இரண்டு பக்கமும் மும்மூன்று குண்டு டயர், உள்ளே ஒரு சின்ன எஞ்சின், கையில் பிடிக்க இரண்டு லீவர். அவ்வளவுதான் வண்டி. இதை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கலாம், பனிமேட்டில் ஏறலாம், விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டலாம். எதிரே ஏரி வந்தால் நிறுத்தவே வேண்டாம், அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிடலாம். தொட்டி மிதக்கும். சுழலும் டயர்களின் பட்டைகளே தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி, மனிதர் நடக்கிற வேகத்தில் அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சக்கரம் தரையை விட்டு எழும்பி வண்டி மிதக்கத் தொடங்கும் அந்த நொடியின் சந்தோஷம் எனக்கு ஒருமுறைகூடக் குறைந்ததில்லை.

ஒன்டாரியோவுக்குக் குடிவந்த பிறகுதான் இந்த வண்டிகளைக் கண்டேன். அன்றிலிருந்து பழைய நீர்நில வண்டி எங்கே விற்பனைக்கு வந்தாலும் போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. 1960களின் கடைசியிலும் 70களிலும் செய்யப்பட்ட வண்டிகள் இன்னும் பண்ணைக் கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் ஓடாத நிலையில்தான் விற்பனைக்கு வரும். அப்படி வரும் ஒன்றுக்கு என்ன விலை தகும் என்று கண்டுபிடிப்பதில் உள்ள சுவை, ஓட்டுவதில் உள்ள சுவைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

பழைய காருக்கு விலைப்பட்டியல் உண்டு, சங்கங்கள் உண்டு, மதிப்பீட்டாளர்கள் உண்டு. இந்த வண்டிகளுக்கோ விற்கிறவருக்கும் விலை தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. கண்ணையும் கையையும் காதையும் வைத்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: இதன் விலை எஞ்சினில் இல்லை, பெயின்டில் இல்லை, வயதிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பாதியில் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் இது ஏன் என்று புரியும். 1960களின் தொடக்கத்தில் கனடாவில் ஜைகர் என்ற வண்டி வந்தது. அதைப் பார்த்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆளுக்கு ஆள் செய்ய ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியாவில் அட்டெக்ஸ், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் மேக்ஸ், டிராக்டர் செய்கிற ஆலிஸ்-சால்மர்ஸ் விற்ற டெர்ரா டைகர், நடுவில் முறுக்கிக்கொள்ளும் உடலோடு நான்கு சக்கரத்தில் ஓடும் கூட் என்று பெரிய பட்டாளமே கிளம்பியது. பல்சக்கரம் செய்துவந்த ஒன்டாரியோ டிரைவ் அண்ட் கியர் நிறுவனம் 1967இல் ஆர்கோவைக் கொண்டுவந்தது. 1970இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. இந்த இரண்டு அடியிலும் சின்னக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. ஆர்கோவோ இன்றுவரை உற்பத்தியில் இருக்கிறது.

ஆக, நாம் பார்க்கப் போகிற வண்டியைச் செய்த கம்பெனி அநேகமாக இன்று இல்லை. ஆனால் அந்தக் கம்பெனிகள் எல்லாமே எஞ்சின், செயின், பேரிங், பெல்ட் என்று பெரும்பாலானதைக் கடையில் வாங்கித்தான் பூட்டின. அவை இன்றும் கிடைக்கும். தொட்டியையும் சேசிஸையும்தான் அவர்களே செய்தார்கள். அது இனிக் கிடைக்காது. விலையின் சூத்திரமே இதற்குள் அடங்கியிருக்கிறது. திரும்ப வாங்க முடியாததற்குப் பணம் கொடு, திரும்ப வாங்க முடிந்ததற்குப் பணத்தைக் குறை.

நயாகரா பக்கம் ஒரு பண்ணையில் பார்த்த மேக்ஸ் 2ஐ மறக்கவே முடியாது. எலிக்கூடும் வைக்கோலும் நிறைந்து கிடந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. "அதை அப்புறம் பாக்கலாம் தம்பி, முதல்ல தொட்டியத் தட்டு" என்றார். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, முன்மூக்கிலிருந்து பின்னால் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். விரிசல் உள்ள இடத்தில் சளசளக்கும். கல்லிலும் கட்டையிலும் மோதுகிற மூக்கின் அடிப்பகுதி, ஆக்ஸில் வெளியே வரும் ஆறு துளைகளின் ஓரம், மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் யாரும் பணத்தை எடுக்கக் கூடாது.

தொட்டி எந்தப் பொருளால் ஆனது என்பதும் விலையை மாற்றும். ஆம்ஃபிகேட் என்ற ஆறு சக்கர வண்டி போன்றவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இது வெளுத்து, மொறுமொறுத்து, உடையத் தொடங்கிவிடும். ஆனால் அசிட்டோனில் கரையும். அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசினால் விரிசல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பின்னாளைய ஆர்கோ, மேக்ஸ் தொட்டிகள் அடர்த்தியான பாலிஎத்திலீன். அடியை வாங்கிக்கொள்ளும், சுலபத்தில் உடையாது. ஆனால் சாதாரணப் பசை எதுவும் அதில் ஒட்டாது, சூடாக்கி உருக்கித்தான் வெல்டு செய்ய வேண்டும். ஃபைபர்கிளாஸ் தொட்டி என்றால் படகு பழுதுபார்க்கிற ரெசினும் பாயும் போதும். ஆகவே விரிசலைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. எந்த விரிசல், எந்த இடத்தில், எந்தப் பொருளில் என்று பார்த்துக் கழிக்க வேண்டியதைக் கழித்தால் போதும். ஆக்ஸில் துளையைச் சுற்றிப் பிளந்திருந்தால் மட்டும் அதிகமாகக் கழிப்பேன். வண்டியின் பளு முழுக்க விழுகிற இடம் அது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அந்தப் பக்கத்தின் மூன்று சக்கரமும் செயினால் கட்டப்பட்டவை, மூன்றும் சேர்ந்தே சுற்ற வேண்டும். காதைத் தொட்டியின் மேல் வைத்துக் கேளுங்கள். நறநறவென்றால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பிடிப்பதற்கு முன் அதிகமாக ஆடினால் செயின் தளர்ந்திருக்கிறது. மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தால் கடகடவென்றால் அதுவும் பேரிங்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, ஸ்ப்ராக்கெட்டின் மேல் படிந்திருக்கும் செயினை இரண்டு விரலால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு அது எழும்பினால் செயின் நீண்டுவிட்டது. பல் ஒரு பக்கம் கொக்கியாக வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் போய்விட்டது. செயின் எந்த விவசாயக் கருவிக் கடையிலும் கிடைக்கும். துருப்பிடித்து ஆக்ஸிலோடு ஒட்டிப்போன பேரிங்கைக் கழற்றுவதுதான் வேலை. விலையில் நான் கழிப்பது பொருளுக்காக அல்ல, அந்த உழைப்புக்காக.

அந்த மேக்ஸில் சுற்றிப் பார்த்தபோது மூன்று சக்கரமும் சத்தமே இல்லாமல் சுழன்றன. பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடித்து அடித்து வைத்திருக்கிறார் பழைய சொந்தக்காரர். ஆக்ஸில் துளைகளில் பழுப்புக் கிரீஸ் வளையமாக வெளியே வழிந்து காய்ந்திருந்தது. இந்த வண்டிகளில் கிரீஸ் வழுக்கலுக்கு மட்டுமல்ல, தண்ணீரை வெளியே நிறுத்தும் காவலும் அதுதான். அந்த வளையத்தைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நல்ல கையில் இருந்த வண்டிக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது.

இனி கியர்பாக்ஸ். மேக்ஸிலும் வேறு பல வண்டிகளிலும் இருப்பது போர்க்-வார்னர் டி-20. எவ்வளவு அழகான யோசனை! ஒரு லீவரை முன்னே தள்ளினால் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் ஓடும், பின்னே இழுத்தால் அந்தப் பக்கம் நிற்கும், மறுபக்கம் ஓடிக்கொண்டிருப்பதால் வண்டி திரும்பிவிடும். இரண்டையும் இழுத்தால் பிரேக். கியர், கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பெட்டிக்குள்! ஆர்கோ வேறு வழியில் போகிறது. அதில் டிஃபரென்ஷியலும் இரண்டு பக்கமும் பிரேக் டிஸ்க்கும். ஒரு பக்கத்தைப் பிடித்தால் அது மெதுவாகும், மறுபக்கம் வேகமெடுக்கும்.

டி-20ஐப் பார்க்கும்போது முதலில் ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்ப்பேன். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. கருகிய வாடை அடித்தால் உள்ளே தேய்மானம். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சின் ஓடும் வண்டி என்றால் நான்கு மூலையும் தூக்கி நிறுத்தி, லீவர்களை ஒவ்வொன்றாக இழுத்து, அந்தந்தப் பக்கம் உடனே நிற்கிறதா என்று பார்க்கலாம். டி-20க்குத் தேடினால் உதிரிபாகம் கிடைக்கும். அதனால் அது உள்ள வண்டிக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். யாரும் கேள்விப்படாத கியர்பாக்ஸ் உள்ள வண்டி என்னதான் அரிதாக இருந்தாலும், ஓட்ட நினைப்பவருக்கு அதன் மதிப்பு குறைவு.

டயரை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, எனக்கு அதில் ஆச்சரியம் தீர்வதில்லை. காருக்கு 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கிறோம், இதற்கு 2 அல்லது 3 போதும். அந்தத் தளதளத்த டயர்தான் சஸ்பென்ஷன், அதுதான் தண்ணீரில் துடுப்பு, மிதப்பதற்கும் அது உதவுகிறது. வெடித்துக் காய்ந்த டயர் ஆறையும் புதிதாக மாற்றினால், ஓடாத பழைய வண்டி ஒன்றின் விலையையே அந்தச் செலவு எட்டிவிடும். ஆகவே ஆறும் காற்றைப் பிடித்து நின்றால், ஓடாத வண்டிக்கும் ஒரு நல்ல தொகை இருக்கிறது.

கடைசியில் எஞ்சின். அக்காலத்து வண்டிகளில் ஜே.எல்.ஓ. போன்ற டூ-ஸ்ட்ரோக்குகளும், கோலர், டெகும்சே போன்றவையும் உண்டு. கயிற்றை இழுத்துப் பார்த்து கம்ப்ரஷன் இருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சேகரிப்பாளருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். 1968இல் வந்த 'பனானா ஸ்ப்ளிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், 'ஸ்பேஸ்: 1999' தொடரில் நிலாவில் ஓடும் வண்டியாகவும் நடித்தது ஆம்ஃபிகேட். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அசல் எஞ்சினும் அசல் நிறமும் முக்கியம். அப்படிப்பட்ட வண்டியில் வரிசை எண் தகடு, அசல் இருக்கை, பழைய கையேடு ஒவ்வொன்றும் விலையை ஏற்றும்.

கசிவைப் பார்க்க ஏரிக்குக் கொண்டுபோக வழியில்லை என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. தொட்டியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைப் போட்டு, உள்ளே சில வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே சொட்டுகிறதோ அங்கே நாளைக்கு ஏரி உள்ளே வரும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். அதே மாடலில் நன்றாக ஓடும் வண்டி அந்தப் பகுதியில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து டயர், செயின், பேரிங், பெல்ட், எஞ்சின் என்று மாற்ற வேண்டியதையெல்லாம் கழியுங்கள். உங்கள் உழைப்பையும் கழியுங்கள். தொட்டியே போயிருந்தால் அதை வண்டியாகப் பார்க்காமல் ஒரு கியர்பாக்ஸும் ஆறு சக்கரமுமாகப் பாருங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு.

என் முன்னால் மூன்று வண்டி வரிசையாக நிற்கட்டும். ஒன்று புதுப் பெயின்ட் அடித்து எஞ்சின் முழங்குகிற வண்டி, ஆனால் ஆக்ஸில் துளைகள் பிளந்தது. இன்னொன்று யாரிடமும் இல்லாத அபூர்வம், கியர்பாக்ஸுக்கு ஒரு திருகுகூடக் கிடைக்காது. மூன்றாவது எலிக்கூடு நிறைந்த, எஞ்சின் இறுகிய, அழுக்கு மேக்ஸ் 2. தட்டினால் கெட்டிச் சத்தம், சுற்றினால் மௌனம், துளையைச் சுற்றிக் கிரீஸ் வளையம். நான் மூன்றாவதைத்தான் வாங்குவேன், கேட்கிற விலைக்கு மேலே கொடுத்தும் வாங்குவேன். நயாகரா பண்ணையில் அதைத்தான் செய்தேன். புது எஞ்சின் பொருத்திய அந்த மேக்ஸ், அடுத்த கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் ஏரியைக் கடந்தது.