கூட்டத்தில் எந்த முகத்துக்கு ஃபோகஸ்?

ஆட்டோஃபோகஸ் கேமரா இரண்டு வேலைகளைச் செய்கிறது. எந்தப் பொருள் தெளிவாக விழவேண்டும் என்று தேர்ந்தெடுப்பது ஒன்று. அந்தப் பொருளின் தூரத்துக்கு லென்ஸை நகர்த்துவது மற்றொன்று. கோனிகா சி35 ஏஎஃப் 1977இலும் மினோல்டா 7000 1985இலும் ஆட்டோஃபோகஸுடன் வந்த பிறகு, இரண்டாம் வேலையில் பெரும்பாலோரின் கையால் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. முதல் வேலையையும் கேமராவிடமே விட்டுவிடுவது இன்றைய வழக்கம். முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும் வசதி இதை மேலும் பரப்பிவிட்டது.

ஒரே ஆள், தெளிவான பின்னணி, நல்ல வெளிச்சம் என்றால் இந்த வழக்கத்தில் குறை காண்பது கடினம். ஓடும் குழந்தையின் கண்ணை விடாமல் பிடிக்கும் திறமை இதற்கு முந்தைய எந்த முறைக்கும் இருந்ததில்லை. ஆனால் கேமராவுக்கு முகம் தெரியுமே தவிர, யாருக்காகப் படம் எடுக்கப்படுகிறது என்பது தெரியாது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் சாலையில் 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்தின் அருகே நிற்பவரைப் படமெடுக்கும்போது, ஃபோகஸ் கட்டம் சில சமயம் சுவரிலுள்ள முகத்தின் மேல் போய் விழும். ஆள் சுவரை ஒட்டி நின்றால் பிழை தெரியாது. அவர் நாலடி முன்னால் வந்து, லென்ஸின் துளையும் அகலமாகத் திறந்திருந்தால், ஓவியம் பளிச்சென்று விழும், வந்தவர் மங்கலாகிவிடுவார்.

தைப்பூசத்தன்று அதே பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்தில் இந்தக் குறை முழுதாக வெளிப்படும். காவடி எடுப்பவரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் மயிலிறகுகள் ஆடும். அதற்கும் முன்னால் தண்ணீர்ப் பந்தலிலிருந்து நீளும் கை, தூக்கிப் பிடித்த கைப்பேசி, திரும்பிப் பார்க்கும் இன்னொருவர். கேமராக்கள் பொதுவாக அருகில் இருப்பதையும் மறைப்பில்லாத பெரிய முகத்தையும் விரும்பும். எனவே வேடிக்கை பார்ப்பவர் தெளிவாகிவிடுவார். அலகு குத்திக் காவடி எடுப்பவர் கலங்கிப்போவார்.

இதற்குப் பழைய மாற்று, நடுப்புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைப்பது. எளிய முறைதான், ஆனால் கணக்கு இடிக்கும். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 10 செ.மீ. கேமராவை 20 பாகை திருப்பினால் ஃபோகஸ் தளம் முகத்துக்கு 9 செ.மீ. பின்னால் போய்விடும். கண் போய், காது மிஞ்சும்.

அதைவிட நம்பகமானது, தூரத்தை முன்பே நிறுத்திவைப்பது. அதே சென்சாரில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல், 3 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 1.9 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். பினாங்கு வீதியிலிருந்து புறப்படும் தைப்பூச வெள்ளி ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும்போது இதற்கு நிகரில்லை: காய் எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரியும், சிதறும் ஓட்டைத் துரத்த எந்த ஆட்டோஃபோகஸுக்கும் நேரம் இருக்காது. சுற்றியிருக்கும் கூட்டமும் தெளிவாக விழுவதைச் சிலர் குறை என்பார்கள். திருவிழாப் படத்தில் கூட்டத்தை மங்கலாக்குவதுதான் உண்மையில் குறை. இம்முறையின் மெய்யான பலவீனம் வெளிச்சம். விடியலுக்கு முன் எஃப் 8 என்றால் ஐ.எஸ்.ஓ.வை மிக உயர்த்த வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கைப்பேசிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் சிறிய சென்சாரில் பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழும். போர்ட்ரெயிட் முறையை இயக்கினால் மட்டும், மென்பொருள் செய்யும் மங்கல் மயிலிறகின் ஓரங்களையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆகவே கூட்டத்தில் சிறந்தது கலப்பு முறை: ஒற்றைச் சிறு கட்டத்தை மனிதர் கண்ணின் மேல் வைக்க வேண்டும், தூரத்தைக் கேமரா பின்தொடர வேண்டும். இதற்கு விரல் பழக வேண்டும்; பழகும்வரை நல்ல தருணங்கள் சில தப்பும். அப்படியும் இந்த முறையே மேல். வெளிச்சக் குறையையும் நிறப் பிசகையும் பிறகு ஓரளவு திருத்திக்கொள்ளலாம். வேறொருவர் முகத்தில் விழுந்த ஃபோகஸை, சாதாரணக் கேமரா எடுத்த படத்தில், காவடி சுமந்தவர் முகத்துக்கு மாற்ற முடியாது.